தொலைந்துபோன இரண்டு எழுத்துகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஓர் உயரமான சமவெளியில் இருக்கிறது சான் லூயிஸ் பள்ளத்தாக்கு. 1851இல் அங்கே குடியேறியவர்கள் ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தினர். நிலம், ஆடு, தேவாலயம், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு, இவைதான் அவர்கள் உலகம். புத்தாயிரம் பிறந்த சமயத்தில் அப்பகுதிப் பெண்கள் சிலரை மரபணு ஆலோசகர்கள் சோதித்துப் பார்த்தார்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ கண்ட குடும்பங்களின் பெண்கள் அவர்கள். 2003இல் வெளிவந்த முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர்களிடம் இருந்தது 185டெல்-ஏஜி என்ற மரபணு மாற்றம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கு உரியது என்று பாடநூல்கள் எழுதிவைத்திருந்த மாற்றம் அது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற அந்தக் குடும்பங்களில் எவரும் தம்மை யூதர் என்று சொல்லிக்கொண்டவர் இல்லை.

எங்கோ பிறந்த ஒரு பிழை, மதம் மாறி, மொழி மாறி, கடல் தாண்டி அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் செல்களில் 17ஆம் குரோமோசோமின் மீது பிஆர்சிஏ1 என்றொரு மரபணு இருக்கிறது. அதைப் படித்து, 1863 அமினோ அமிலங்களைக் கோத்து, ஒரு புரதத்தைச் செல் உருவாக்குகிறது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்துபோகும்போது பிசகில்லாமல் இணைக்கும் வேலையில் அந்தப் புரதத்துக்கு முக்கியப் பங்கு. மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஏ-ஜி-ஏ-ஜி என்று நான்கு டி.என்.ஏ. எழுத்துகள் அடுத்தடுத்து வரும். ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பி வரும் இடத்தில் படியெடுக்கும்போது வழுக்குவது எளிது. யாரோ ஒரு முன்னோரின் உடலில் விந்தணுவோ கருமுட்டையோ உருவானபோது அப்படி ஒரு வழுக்கல் நேர்ந்தது. ஓர் ஏ-ஜி விடுபட்டுப்போனது. 185டெல்-ஏஜி என்பது இதுதான்.

இரண்டு எழுத்துதானே என்று விட முடியாது. செல் எழுத்துகளை மும்மூன்றாகத்தான் படிக்கும். ‘தம்பி கடல் கண்டு வருக’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். அதில் ‘கட’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் உருவிவிட்டு மறுபடி மும்மூன்றாகப் பிரித்தால் ‘தம்பி ல்கண் டுவரு க’ என்று ஆகிவிடும். பிஆர்சிஏ1இலும் இதேதான் நடக்கிறது. முதல் 22 அமினோ அமிலங்கள் சரியாக வருகின்றன. அதன் பிறகு 16 தப்பும் தவறுமாக வருகின்றன. 39ஆம் இடத்தில் ‘நிறுத்து’ என்ற கட்டளை தற்செயலாக அமைந்துவிடுவதால், 1863இல் 38ஐ மட்டும் கோத்துவிட்டு வேலை நின்றுபோகிறது. அந்தத் துண்டால் ஒரு பயனும் இல்லை.

இருந்தும் அந்த முன்னோர் நலமாகவே வாழ்ந்திருப்பார். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு படிகளாகக் கிடைக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். சிக்கல் பின்னால்தான் வருகிறது. வாழ்நாளில் ஏதோ ஒரு நாள், மார்பகத்திலோ சினைப்பைப் பகுதியிலோ உள்ள ஏதோ ஒரு செல்லில், மிச்சமிருக்கும் நல்ல படியும் சேதமடைகிறது. அதற்குப் பிறகு அந்தச் செல்லில் அறுந்ததைச் சரியாகச் சேர்க்க ஆளில்லை. பிழை மேல் பிழை சேர்ந்து அது புற்றாகிறது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் இந்த ‘இரண்டு அடி’ விளக்கத்தைச் சொன்னார். மரபாக வருவது புற்றுநோய் அல்ல, முதல் அடி மட்டுமே. மற்றவர்களுக்கு இரண்டு அடியும் வாழ்நாளுக்குள் விழ வேண்டும். இவர்களுக்கு ஒன்று பிறக்கும்போதே விழுந்துவிட்டது.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2017இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு கணக்குத் தந்தது. பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர், சினைப்பைப் புற்றுநோய் வருவோர் 44 பேர். மேலை நாடுகளின் பொதுவான பெண்களில் மார்பகப் புற்றுநோய் எட்டில் ஒருவருக்கு வருகிறது. இந்த எண்களைக் கேட்டால் அடிவயிறு கலங்கும். ஆனாலும் 72 என்பது நூறு அல்ல. மாற்றத்தைச் சுமந்தபடியே 80 வயது தாண்டிப் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. இதை விதி என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு கெடுதல் செய்யும் ஒன்று எப்படி இத்தனை தலைமுறை பிழைத்தது? பெரும்பாலும் அது தாக்குவது பிள்ளை பெற்று முடித்த வயதில். இயற்கைத் தேர்வின் வலையில் அது அகப்படும் முன்பே அடுத்த தலைமுறைக்குக் கடந்துவிடுகிறது. பாதிப் பயணத்தை அது ஆண்களின் உடலில் செய்கிறது என்பது இன்னொரு காரணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் கவனிக்கப்படாமல் போவது அதுதான்.

பிறந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மரபணு மாற்றம் தனியாகப் பயணம் செய்வதில்லை. அது பிறந்த நாளில் அதன் இருபுறமும் என்னென்ன எழுத்துகள் இருந்தனவோ அவற்றையும் கூட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் கலந்து மாறும்போது அந்தக் கூட்டம் ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். ஆகவே இரண்டு பேரிடம் ஒரே மாற்றம் இருந்து, அதன் அக்கம்பக்க எழுத்துகளும் ஒன்றாக இருந்தால், அவர்கள் ஒரே முன்னோரின் பிள்ளைகள். கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களிடமும் ஈராக்கிய யூதர்களிடமும் 185டெல்-ஏஜியைச் சுற்றி இருந்தது ஒரே வரிசை. பல நூற்றாண்டுகள் தனித்தனியாக வாழ்ந்த இரண்டு சமூகங்கள் அவை. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட காலத்திலேயே அந்தப் பிழை இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதினார்கள். பிறந்த காலத்தை அதற்குப் பிந்தியதாகக் காட்டும் கணக்குகளும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட முதுமை அதற்கு.

ஐரோப்பாவில் அதற்கு ஒரு திருப்பம் நேர்ந்தது. இடைக்காலத்தில், சுமார் 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன்னால், அஷ்கெனாசிகளின் முன்னோர் தொகை சில நூறு பேர் அளவுக்குக் குறுகியிருந்ததை இன்றைய மரபணுக் கணக்குகள் காட்டுகின்றன. அந்தச் சிறு கூட்டத்தில் சிலரிடம் இந்த மாற்றம் இருந்தது. பிறகு அவர்கள் தமக்குள்ளேயே மணம்முடித்து இலட்சங்களாகப் பெருகியபோது பிழையும் பெருகியது. இன்று அஷ்கெனாசிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவரிடம் 185டெல்-ஏஜி உண்டு. இதேபோல் அவர்களிடையே பரவிய வேறு இரண்டு மாற்றங்களையும் சேர்த்தால் நாற்பதில் ஒருவர்.

இன்னொரு கிளை ஸ்பெயினில் இருந்தது. 1391இல் அங்கே யூதர்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. உயிருக்கு அஞ்சிப் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1492இல் மதம் மாறாதவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். மாறியவர்களையும் மத விசாரணை மன்றம் நிம்மதியாக விடவில்லை. சிலர் மெக்சிகோவுக்குக் கப்பலேறினார்கள்; 1571இல் அந்த மன்றம் அங்கேயும் வந்து சேர்ந்தது. 1598இல் ஹுவான் தெ ஓன்யாத்தேயின் தலைமையில் குடியேறிகள் வடக்கே நியூ மெக்சிகோவுக்குப் போனார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தாம் பின்னாளில் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் ஊர் அமைத்தவர்கள். வழிபாடு, பெயர், நினைவு எல்லாவற்றையும் அந்த மன்றம் அழிக்கப் பார்த்தது, பெரும்பாலும் அழித்தும்விட்டது. குரோமோசோமில் இருந்ததை அதனால் தொட முடியவில்லை. இந்தப் பயணத்திலேயே என்னை அதிகம் அசைத்த பகுதி இதுதான். தங்கள் வேர் எது என்பதை அந்தப் பெண்கள் தெரிந்துகொண்டது ஒரு நோயின் வழியாக.

பிழை இப்படி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் அதற்குப் பெயர் கிடையாது. பாரிஸ் அறுவை மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் அடுத்தடுத்து இறந்ததை வம்சாவளியாக எழுதி 1866இல் வெளியிட்டார். தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. காரணம் சொல்லக் கருவி இல்லை.

கருவியோடு வந்தவர் மேரி-கிளேர் கிங். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணு அளவில் எவ்வளவு குறைந்த வேறுபாடு என்று 1975இல் காட்டியவர். அர்ஜெண்டினாவின் ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் குழந்தைகளைத் தேடிய பாட்டிகளுக்கு, இரத்தப் பரிசோதனை வழியாகப் பேரப் பிள்ளைகளை அடையாளம் காட்ட உதவியவரும் அவரே. மார்பகப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஒற்றை மரபணு இருக்கக்கூடும் என்று அவர் தேடத் தொடங்கியபோது துறையில் பலர் நம்பவில்லை. உணவு, சூழல், ஹார்மோன் எனப் பல காரணங்கள் கலந்த நோய். அதற்கு ஒரு மரபணு எப்படி இருக்கும் என்றார்கள். அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் விடாமல் குடும்பங்களைத் திரட்டினார். 23 குடும்பங்கள், 146 நோயாளிகள். எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது தெளிவில்லை. நோய் வந்த வயதை வைத்து வரிசைப்படுத்தி, இளம் வயதில் நோய் கண்ட குடும்பங்களை முதலில் வைத்தபோது எல்லாம் ஓரிடத்தைச் சுட்டின: 17ஆம் குரோமோசோம். 1990 அக்டோபரில் சின்சினாட்டி நகரில் நடந்த மாநாட்டில் அதை அறிவித்தார்.

அதன் பிறகு பந்தயம். 1994இல் மரபணுவையே பிரித்தெடுத்து வென்றது யூட்டா மாநிலத்தின் மார்க் ஸ்கோல்னிக் குழு. அவர்கள் தொடங்கிய மிரியட் ஜெனடிக்ஸ் நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கியது. 1995இலேயே 185டெல்-ஏஜி யூதர்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வெளிவந்தது. ‘யூத மரபணு’ என்ற முத்திரையும் கூடவே வந்தது. இருபதாம் நூற்றாண்டில் இனத்தின் பெயரால் எதையெல்லாம் கண்டுவிட்ட ஒரு மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? காப்பீடு மறுக்கப்படுமோ, வேலை போகுமோ என்ற அச்சம் வீண் அச்சமல்ல. அமெரிக்காவில் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2008இல்தான் வந்தது. ஆனாலும் வாஷிங்டன் வட்டாரத்தில் 5000க்கு மேற்பட்ட யூதர்கள் தாமாக முன்வந்து இரத்தம் கொடுத்தார்கள். அந்த ஆய்வு 1997இல் வெளியானது. இன்று உலகில் எந்தப் பெண்ணுக்கும் ஆலோசகர் சொல்லும் இடர்க் கணக்கின் அடித்தளத்தில் அவர்களின் துணிவு இருக்கிறது.

காப்புரிமையால் அமெரிக்காவில் இந்தச் சோதனையை ஒரே நிறுவனம் வைத்திருந்தது. முழுச் சோதனைக்குக் கட்டணம் 3000 டாலருக்கு மேல். இன்னொரு ஆய்வகத்தில் மறுமுறை சரிபார்க்கவும் வழியில்லை. இயற்கையில் மனிதர் உடலில் உள்ளதை ஒருவர் சொத்தாக்குவது எப்படி நியாயம் என்று மருத்துவர்களும் நோயாளிகளும் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இயற்கையான டி.என்.ஏ. துண்டுக்குக் காப்புரிமை கிடையாது என்றார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு நடிகை ஏஞ்சலினா ஜோலி தமக்குப் பிஆர்சிஏ1 மாற்றம் இருப்பதையும், மார்பகங்களை முன்கூட்டியே அகற்றிக்கொண்டதையும் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய தாய் 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர்.

இதே கோளாறு மருந்துக்கும் வழிகாட்டியது. பழுதுபார்க்கும் ஒரு வழி ஏற்கெனவே அடைபட்ட புற்றுச் செல்லில், பார்ப் என்ற நொதி பார்க்கும் இன்னொரு வழியையும் அடைத்துவிட்டால் அது பிழைக்காது. உடலின் மற்ற செல்களிடம் ஒரு நல்ல பிஆர்சிஏ1 படி இருப்பதால் அவை பெருமளவு தாக்குப்பிடிக்கும். 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் காட்டின. 2014இல் ஓலபரிப் என்ற மருந்து சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது.

இனி நம் பக்கம். தென்னிந்தியாவில் பரம்பரை மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களைச் சோதித்தபோது அடிக்கடி தட்டுப்பட்டது இதே 185டெல்-ஏஜி. பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2009இல் வெளியிட்ட கட்டுரை, தலைப்பிலேயே இது மிகுதியாக இருப்பதைக் குறிப்பிட்டது. கேரளக் குடும்பங்களிலும் இருக்கிறது. மலபார்க் கடற்கரைக்குப் பழங்காலத்தில் யூத வணிகர்கள் வந்தது வரலாறு. அந்த வழியாக வந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தியக் குடும்பத்தில் அக்கம்பக்க எழுத்துகளைப் பார்த்தபோது அவை யூத வரிசையோடு பொருந்தவில்லை. இங்கே இது தனியாகப் பிறந்தது என்று 2007இல் எழுதினார்கள். அதே ஏ-ஜி-ஏ-ஜி, அதே வழுக்கல், வேறொரு முன்னோர். முத்திரை குத்தியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. அந்தப் பிழைக்கு இனம் கிடையாது.

ஆனால் பரவுவதற்கு அது எதிர்பார்க்கும் சூழல் நம்மிடம் நிறையவே இருக்கிறது. சாதிக்குள்ளேயே மணம் என்ற வழக்கம் எத்தனையோ தலைமுறைகளாக இங்கே நிலைத்துவிட்டது. 2017இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து நடத்திய ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81, அஷ்கெனாசிகளைவிடக் குறுகிய முன்னோர் தொகையிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஆரிய வைசியர்களில் சிலருக்கு மயக்க மருந்தோடு சிலவகைத் தசைத் தளர்வு மருந்து கொடுத்தால் தசைகள் நெடுநேரம் செயலற்றுப்போகும். அதற்குக் காரணமான நொதிக் குறைவு இப்படிச் சேர்ந்ததுதான். எல்லா மரபுப் பிழையும் ஒரு சமூகத்தோடு நிற்பதில்லை. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றில் நான்கு பேரிடம் இருப்பதையும், நடுவயதுக்குப் பின் அது இதயத் தசை நோய்க்கு வழிவகுப்பதையும் 2009இல் வெளியிட்ட குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தவரும் இருந்தார்கள்.

புற்றுநோய் வந்த வீட்டில் நம்மவர்கள் என்ன செய்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். ‘வயித்துல கட்டி’ என்று சொல்லி முடித்துவிடுவோம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அத்தை எதில் இறந்தாள் என்பதை யாரும் எடுப்பதில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் நிறுவிய முத்துலட்சுமி ரெட்டிக்கு அந்த உறுதியைத் தந்தது, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம். அவர் அதை மறைக்கவில்லை. இத்தனை காலம் கழித்தும் நாம் மறைக்கிறோம், அதற்கான விலையை அடுத்த தலைமுறைப் பெண்கள் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தாங்கவில்லை.

மறைக்காத வீடுகளிலும் பாதிக் கதை விடுபடுகிறது. மார்பகப் புற்றுநோய் என்றதும் அம்மா, அம்மாவின் அம்மா, சித்தி என்று தாய்வழியை மட்டும் எண்ணுவார்கள். 17ஆம் குரோமோசோம் ஆணிடமும் பெண்ணிடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. மாற்றத்தைச் சுமப்பவர்களில் பாதிப் பேர் ஆண்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் நோய் தெரிவதில்லை. மகளுக்குக் கொடுக்கும் வாய்ப்பு மட்டும் தாய்க்கு உள்ள அதே சரிபாதி. அண்ணன் தம்பிகள் நிறைந்த, பெண்கள் குறைந்த குடும்பத்தில் அது இரண்டு மூன்று தலைமுறை ஓசையின்றிப் போகலாம். இஸ்ரேலில் ஆண்களைச் சோதித்து, அவர்கள் வழியே குடும்பப் பெண்களைத் தேடிப் போன மேரி-கிளேர் கிங்கின் குழு 2014இல் சொன்னது இது: மாற்றம் கண்ட குடும்பங்களில் ஏறக்குறைய பாதியில், மருத்துவரை எச்சரிக்கும் அளவுக்கு முன்கதையே இல்லை. அத்தைகளையும் அப்பாவின் அம்மாவையும் கேளுங்கள். எந்த உறுப்பு, எந்த வயது என்று கேளுங்கள்.

மார்பகப் புற்றுநோய்களில் மரபாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். எல்லோரும் பதற வேண்டியதில்லை. ஐம்பதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், இவற்றில் ஒன்று குடும்பத்தில் இருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. நோய் கண்டவரையே முதலில் சோதிப்பார்கள். அவரிடம் மாற்றம் உறுதியானால் உறவினர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. மாற்றம் உள்ள பெண்ணுக்கு இருபதுகளின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை, பிள்ளை பெற்று முடித்ததும் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டித்தரும் நம்பகமான சோதனை இல்லாததால்தான் இந்த இரண்டாவது யோசனையை மருத்துவர்கள் அழுத்திச் சொல்கிறார்கள்.

பரம்பரை நோய் ஒரு தலைமுறை தாண்டி வரும் என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. 185டெல்-ஏஜி தாண்டுவதில்லை. நோயில்லாத ஓர் ஆணின் உடலில் அது இருந்துவிட்டுப் போவதைத்தான் நாம் தாண்டுதல் என்று நினைக்கிறோம். பெற்றோரில் ஒருவர் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வராவிட்டால், அந்தக் கிளையில் அதன் பயணம் அங்கேயே முடிந்துபோகிறது. அந்தப் பிள்ளையின் பிள்ளைகளுக்கு அதைத் தேடிச் சோதிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.